அடியளந்த ஆசிரியர்

வரைபடத்தில் ஓர் ஊரைச் சுட்டிக் காட்டுதல் எளிது. அவ்வூர் எங்குள்ளது என அளந்து கண்டவரின் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இலண்டனில் உள்ள அரச புவியியல் கழகம், புவியியல் ஆய்வில் சிறந்தோர்க்குத் தங்கப் பதக்கங்கள் வழங்கி வருகிறது. 1877ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்றைப் பெற்றவர் நயின் சிங் ராவத். அவர் குமாவுன் மலைப்பகுதியின் மிலம் என்னும் சிற்றூரில் பிறந்த பள்ளி ஆசிரியர்.

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவைப் பணி, இமயமலை வரை வளர்ந்தது. ஆனால் திபெத்துக்குள் ஐரோப்பியர் நுழையத் தடை இருந்தது. ஆகவே நயின் சிங் மாறுவேடம் பூண்டு சென்றார். ஒரே அளவாக அடிவைத்து நடக்கப் பழகினார். வழக்கமான செபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடைய மாலையில் இருந்தவை 100 மணிகளே. நூறு அடிக்கு ஒரு மணி நகர்ந்தது. அளவைக் குறிப்புகள் வழிபாட்டு உருளைக்குள் மறைந்திருந்தன. 1866இல் லாசாவை அடைந்து, அந்நகரின் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணித்தார்.

பேரரசுக்கு உழைத்தவருக்குப் பேரரசின் தலைநகர் தந்த பரிசு இது எனச் சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. எனினும் பணிக்காலத்தில் ‘பண்டிதர்’ என்றே குறிக்கப்பட்டு, பெயர் மறைக்கப்பட்டிருந்தவரை, அப்பதக்கம் அவர் பெயராலேயே உலகறியச் செய்தது. அது சிறு நன்மை அன்று.

ஆனால் பதக்கம் மட்டும் போதுமா? சாங்போ ஆறே பிரம்மபுத்திராவாக வருகிறதா என்பதை அறிய, 1880இல் கிந்தப் என்பவர் அனுப்பப்பட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உடன் சென்றவர் அவரை அடிமையாக விற்றுவிட்டார். அவரோ தப்பி வந்து, ஒப்புக்கொண்டபடியே அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை ஆற்றில் விட்டார். முன்னதாக அனுப்பிய செய்தி உரியவரைச் சேராததால், கட்டைகளைக் கவனிப்பார் இல்லை. அவருக்கு அத்தங்கப் பதக்கம் கிடைக்கவில்லை.

இருவர் உழைப்பிலும் குறைவில்லை. ஒருவர் குறிப்புகள் ஏட்டில் ஏறின. மற்றவர் செய்தி வழியிலேயே நின்றது. ஆதலால் பதக்கம் பெற்றோரைப் போற்றும் பாடநூல்கள், பெறாதோரையும் குறிப்பிடுதல் வேண்டும். வரைபடத்தைக் கற்கும் மாணவர், கோடுகளோடு அவற்றை நடந்து அளந்த மனிதரையும் அறிதலே முறையாகும்.