குதிரைக்கு ஆண், பெண் தெரியுமா?

குதிரைப் போட்டின்னாலே நமக்கு ரேஸ்தான் ஞாபகம் வரும். டிரெஸ்ஸாஜ் என்று இன்னொன்று இருக்கிறது. இதில் வேகத்துக்கு மார்க் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களத்தில் குதிரை சொன்னபடி நடக்கணும், ஓடணும், பக்கவாட்டில் கால் மாற்றி வைக்கணும். இதைப் பழக்கவே வருஷக்கணக்காகும். மேலே இருப்பவர் வாய் திறந்து அதட்டினால் மார்க் போச்சு! (நம் வகுப்பில் ஒருத்தரும் தேற மாட்டோம்.)

ஒலிம்பிக்கில் இது முதலில் ஆண்களுக்கு மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகள். 1952-இல்தான் பெண்களுக்கு வழி விட்டார்கள். அந்தக் கோடையிலேயே ஹெல்சின்கியில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரையில் ஏற்றிவிட, இறக்கிவிட ஆள் வேண்டும். ஆனால் ஜெயித்தது ஆண்களோடு மோதி! 1956-லும் வெள்ளி.

2023 ஹாங்சௌ ஆசியப் போட்டியில் இந்தியா இதில் அணித் தங்கம் வென்றதே, அந்த நால்வரில் சுதிப்தி, திவ்யகிருதி இரண்டு பேரும் பெண்கள்தான். தனிப் பட்டியல் கிடையாது.

இங்கே என்ன நடக்குது? விளையாட்டு பீரியடில் மைதானம் பையன்களுக்கு. "பொம்பளப் பிள்ளைங்க ஓரமா உட்காருங்க" என்கிறார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் ஸ்கோர் எழுதுகிறோம்.

ஐயா, குதிரையெல்லாம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு பீரியட் பந்தை எங்களிடம் கொடுங்கள். அன்றைக்கு ஸ்கோரை அவர்கள் எழுதட்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி