பாசிக்கு மருந்து எதற்கு?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

விலங்கியல் படிக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் நம்மை விடமாட்டார்கள். "தொட்டியில் பாசி பிடித்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?" என்பதுதான் முதற்கேள்வி. நன்னீர்த் தொட்டிக்காரர் கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே கேள்வியை ஒரு நாள் நானும் கேட்டேன், மருந்தும் ஊற்றினேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 130 லிட்டர் பிடிக்கும். அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், நான்கு நத்தைகள். ஆறு மாதம் பளிங்குபோல் இருந்த தொட்டியில், கோடை பிறந்ததும் கற்களின்மேல் பச்சை மயிர்போலப் பாசி முளைத்தது. பழைய பல் பிரஷ் கொண்டு தேய்த்தேன். பத்தே நாளில் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. கடைக்காரர் நீல நிற மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். செம்பு கலந்த மருந்து அது. முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குச் செம்பு நஞ்சு என்று பாடத்தில் படித்தவன்தான் நான். படித்தது கைக்கு வரவில்லை.

முதலில் இறால் போயிற்று. பின் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. மூன்றாம் நாள் பாசி வெளுத்தபோது வென்றுவிட்டதாக எண்ணினேன். ஆனால் செத்த பாசி எங்கே போகும்? தொட்டிக்குள்ளேயே அழுகியது. அழுகும் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டன. அன்றிரவு இரண்டு மணி நேரம் மின்வெட்டு, காற்றுக்குழாய் நின்றது. விடியற்காலையில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றது மிதந்தது. ஐந்தாவது வாரம் பாசி திரும்பவும் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகே காரணத்தைத் தேடினேன். பாசி நோயன்று என்பது என் துணிபு. தொட்டிக்குள் போகிற உரத்துக்கும் வெளியே வருகிற உரத்துக்கும் உள்ள வித்தியாசமே பாசியாகப் பச்சையாய் நிற்கிறது. நாம் போடும் இரையில் புரதமும் பாஸ்பரஸும் உண்டு. மீன் தின்றாலும் தின்னாமல் விட்டாலும் அந்தச் சத்து முடிவில் அம்மோனியாவாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்கிறது. அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட், பாஸ்பேட், வெளிச்சம் ஆகிய மூன்றும் கிடைத்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே சோதனைக் குழாய் நம்மை ஏமாற்றும். தொட்டி நிறையப் பாசி. சோதித்தால் பாஸ்பேட் பூஜ்யம்! நீரில் வருவதை வர வரப் பாசியே தின்றுவிடுகிறது, அதனால்தான் பூஜ்யம். அன்றியும், சுண்ணாம்புக் கற்கள் பாஸ்பேட்டைத் தம்முள் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடும். ஆகவே இரையைக் குறைத்த மறுவாரமே பலனை எதிர்பார்ப்பது பேதைமை. எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்து, தண்ணீர். கோடையில் எங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, நீர் மட்டுமே போகும். அந்த இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பி வந்தேன். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கடல்நீர்த் தொட்டி வைப்போர் விரும்புவதோ பத்துக்கும் கீழே. தொட்டியில் 80 மில்லிகிராம் இருக்கிறது, கிணற்று நீரில் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு நீரை மாற்றினால் 80 என்பது 70 ஆகும், அவ்வளவே. ஆயுள் முழுவதும் மாற்றினாலும் 40க்குக் கீழே இறங்காது. குடிக்கத் தகுந்த நீர் பாசிக்கு விருந்தாகிறது! இப்போது ஆர்.ஓ. நீரில்தான் உப்புக் கலக்கிறேன், ஆவியான இடத்தையும் அதைக்கொண்டே நிரப்புகிறேன்.

"நத்தையை விடு, தின்றுவிடும்" என்பார் சிலர். இதில் பாதி உண்மை. 1983-84ஆம் ஆண்டுகளில் கரீபியன் கடலில் டயடெமா என்னும் கடல் முள்ளெலிகள் நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பாசி மேயும் மீன்களை மனிதர் ஏற்கனவே பிடித்துத் தீர்த்திருந்தனர். மேய்வார் இல்லாத ஜமைக்காப் பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது. மேயும் உயிர் எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் கடலில் கழிவை நீரோட்டம் அடித்துப் போகும். தொட்டியில் நத்தை தின்ற பாசி நத்தையின் கழிவாக அதே 130 லிட்டருக்குள்தான் விழுகிறது. வெளியே எடுத்துப்போட நம் கையைத் தவிர வேறு வழியில்லை. அதனால் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி வைத்துச் சீட்டோமார்பா என்னும் நூல் போன்ற பாசியை நானே வளர்க்கிறேன். வாரம் ஒரு பிடி பிடுங்கி எறிகிறேன். அந்தப் பிடிக்குள் அடங்கிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு போய்விடுகின்றன. பாசியைப் பாசியால் ஒழிப்பதைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

சிவப்புப் பாய்போல் மணலை மூடுவது வேறு சங்கதி. அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். அதற்கு எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவோர் உண்டு. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். தொட்டியை வாழவைக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் அதனால் கேடு வரலாம். ஊற்றிய நீர் சாக்கடைக்குப் போகும். மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருக நாமும் ஒரு கை கொடுத்தவர்களாவோம். மனிதர் உயிர் காக்கும் மருந்து கண்ணாடிப் பெட்டியின் அழகுக்கா?

"கடற்கரையிலிருந்து நல்ல பவளக் கல் கொண்டு வா, எல்லாம் சரியாகும்" என்று யோசனை சொன்னவரும் உண்டு. பவளங்கள் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. மன்னார் வளைகுடாவில் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் குற்றமே. மீனையும் கடலிலிருந்து பிடித்து வாங்க வேண்டிய தேவையில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"இத்தனை தொல்லையோடு தொட்டி எதற்கு?" என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று மாதம் பொறுத்திருக்க முடியாதவர் வைக்கவேண்டாம் என்பதே என் பதில். அவர் அதை முழுதாக ஏற்கவில்லை.

விளக்கு எரியும் நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து எட்டாகக் குறைத்தது எளிதாக முடிந்தது. இரையைக் குறைப்பதுதான் பெரும் பாடு. தங்கை பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் போடுவாள். யாரும் பார்க்காதபோது பாட்டி போடுவது தனிக்கணக்கு. கேட்டால், "வாயில்லாச் சீவன், பசியோட சுத்தி சுத்தி வருதுப்பா" என்பார். கோபித்துப் பயனில்லை என்று தெரிந்து, இரை டப்பாவைப் பாட்டியிடமே ஒப்படைத்தேன், கூடவே உப்புக் கரண்டியளவு சிறிய கரண்டி ஒன்றையும். காலையில் ஒரு கரண்டி, அவர் கையாலேயே. மாலையில் தொட்டியருகே வந்து நின்று, "இப்ப ஒண்ணு போடட்டுமா?" என்று இன்றும் கேட்கிறார்.