தரையில் கிடக்கும் எண்ணெய் யாருடையது?

2007 டிசம்பர் 6. நள்ளிரவு கடந்த நேரம். இத்தாலியின் தூரின் நகரில் தைசன்க்ருப் எஃகு ஆலையின் ஐந்தாம் லைனில் சிறு தீ. கசிந்து தேங்கிய எண்ணெயும் அதில் ஊறிய காகிதமும் எரிந்தன. அந்த ஆலையில் அது புதிதல்ல. சிறு தீயைத் தொழிலாளர்களே அணைப்பது வழக்கம். அன்றும் தீயணைப்பான்களோடு ஓடினார்கள். அதற்குள் ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்து, பீய்ச்சிய எண்ணெய் நுண்துளிப் படலமாகப் பரவிப் பற்றிக்கொண்டது. ஏழு பேர் மாண்டனர்.

மூடப்படவிருந்த ஆலை அது. தானியங்கித் தீயணைப்பு அமைப்புக்கான செலவு அதனால்தான் தள்ளிப்போனது. வழக்கு 2016 வரை நீண்டு, தலைமை நிர்வாகி உட்பட ஆறு பேரின் தண்டனை உறுதியானது.

தொழிற்பாதுகாப்புத் துறையினர் இந்த விபத்தைத் தீயணைப்புப் பாடமாகவே பேசுகிறார்கள். ஆனால் தரையில் இருந்த எண்ணெய் அன்றிரவு மட்டும் வந்ததல்ல.

வழுக்கிவிழச் செய்யும் எந்தப் பொருளும் தளத்திலும் நடைபாதையிலும் இருக்கக் கூடாது என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொன்னது. நடைமுறையில் அது துப்புரவு வேலையாகச் சுருங்கிவிட்டது. எண்ணெய் சிந்தினால் ஒப்பந்தத் தொழிலாளி மரத்தூளோடு வருவார், பனியன் வேஸ்ட்டால் துடைப்பார், போவார். அடுத்த ஷிஃப்டில் அதே இடத்தில் அதே வட்டம். மெயின்டனன்ஸ் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. சுத்தமான தரையைப் பார்த்து ஆடிட்டர் மதிப்பெண் போடுவார், பாவம்.

சிந்தியதும் செய்ய வேண்டியதை இத்துறையினர் அறிவார்கள்: பம்பை நிறுத்தி, ஆட்களை விலக்கி, வடிகாலை அடைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி உறிஞ்ச வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சைக்குரிய காயம். அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தேடுவதே முறை. முடியாத இடத்தில் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கலாம், கையை அல்ல.

துடைத்த துணியும் ஆபத்தானதுதான். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ பற்றி எரிந்தது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகச் சூடேறியதால். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கனிம எண்ணெய் பொதுவாக அப்படிச் சூடேறாது. ஆயினும் பெயின்ட் ஷாப் துணியும் பிரஸ் ஷாப் துணியும் ஒரே டிரம்மில் விழும் ஆலையில் இந்த வேறுபாடு உதவாது. மூடியுள்ள உலோகத் தொட்டி வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி எண்ணெய்க் கழிவும் அபாயகரக் கழிவே. பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

தடுப்பு தொடங்குமிடம் ஸ்பில் கிட் அல்ல, ஸ்டோர்ஸ். ஹைட்ராலிக் அமைப்பு மூடிய சுற்று. எண்ணெய் அதில் எரிந்து தீர்வதில்லை. ஒரு பிரஸ்ஸுக்கு மாதாமாதம் எண்ணெய் ஊற்றினால் அவ்வளவும் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம்: தரைக்கு, கூலன்ட் தொட்டிக்கு, அல்லது வடிகாலுக்கு. எந்த இயந்திரத்துக்கு எத்தனை லிட்டர் போனது என்பது வழங்கல் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கசிவை இதைவிட நேர்மையாகக் காட்டும் ஆவணம் ஆலையில் வேறில்லை. டிரிப் ட்ரே வைப்பவர் கசிவைப் பிடிக்கிறார், நிறுத்துவதில்லை.

எனவே ஒவ்வொரு சிந்தலுக்கும் ஒரு மெயின்டனன்ஸ் வேலைச் சீட்டு திறக்கப்பட வேண்டும். தரை காய்ந்ததும் அல்ல, சீலோ ஹோஸோ மாற்றியதும்தான் அது முடிய வேண்டும். உற்பத்தி நெருக்கடியில் சீட்டு தள்ளிப்போகும் என்பது உண்மையே. தள்ளிப்போடுபவர் தேதியும் கையெழுத்தும் இடட்டும். அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பாளரையும் அழைக்கலாம், ஆறு மாத எண்ணெய்க் கணக்கோடு.