பொறியியலுக்கு முன் ஒரு கேள்வி

சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கத்தைக் காகிதத்துடன் வீட்டுக்கு வந்தார். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான விளக்கப் புத்தகத்தின் அச்சுப் பிரதி. மகன் பிளஸ் டூ படிக்கிறான். "சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா, எலக்ட்ரிகல் நல்லதா? இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க" என்றார். மொழிபெயர்ப்பாளனிடம் இலவசமாக வேலை வாங்குவது நம் ஊர் வழக்கம். உட்கார்ந்து வாசித்தேன். பாடப்பிரிவுகள் வரும் பக்கத்தை எட்டுவதற்கு முன்பே நிற்க வேண்டியதாயிற்று. மாணவனின் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் புத்தகம் வேறொன்றைக் கேட்கிறது. நீ எந்த மாநிலத்தவன்?

சென்னையிலோ திருச்சூரிலோ இருப்பவருக்கு இது ஒரு கேள்வியே அல்ல. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் இருக்கும் தமிழருக்கு இதுதான் முதல் பாடம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் மாறியபோது இந்தப் பகுதிகள் கேரளத்தில் அடங்கின. பேச்சு தமிழ். ரேஷன் கார்டு கேரளம். பொங்கலுக்குப் போவது தேனிக்கோ திருநெல்வேலிக்கோ. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பையன் கல்லூரி வாசலில் நின்றால், ஒவ்வொரு வாசலிலும் அவனது மாநிலத்தை வெவ்வேறு அளவுகோலால் அளக்கிறார்கள்.

கேரள நுழைவுத் தேர்வு பார்ப்பது பிறந்த இடத்தை. மாணவரோ பெற்றோரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்திருந்தால் 'கேரளியர்'. இட ஒதுக்கீட்டின் பலன் அவர்களுக்கே. நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள். மூணாறில் குடும்பம் நடத்தும் பெண் போடியிலோ சங்கரன்கோவிலிலோ பிள்ளை பெற்றுத் திரும்புகிறாள். பதினேழு வருடம் கழித்து அந்தப் பிறப்புச் சான்றிதழ் பிள்ளையைத் தமிழ்நாட்டுக்காரன் என்கிறது. அப்போது அப்பாவோ அம்மாவோ கேரளத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி தேட வேண்டும்.

என்.ஐ.டி.க்களில் பிறப்பு கணக்கில்லை, பிளஸ் டூ எங்கே தேறினாய் என்பதுதான். அங்கே இடங்களில் பாதி அந்தந்த மாநிலத்தாருக்கு. மூணாறில் பிளஸ் டூ முடித்தவனுக்கு அந்தப் பாதி கோழிக்கோட்டில். மலை இறங்கி போடியில் முடித்தவனுக்கு திருச்சியில். ஒரே லயத்தின் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் இப்படித்தான்.

தமிழ்நாட்டுக்குப் போனால் விதி இன்னும் பின்னோக்கி ஓடுகிறது. அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான், கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது என்று 200க்கு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவரிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்தவர் கொண்டுவர வேண்டும். 2021இல் வந்த அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மூணாறில் அரசு தமிழ்வழிப் பள்ளியில் படித்த பையனும் அரசுப் பள்ளி மாணவன்தான், தமிழில்தான் படித்தான். ஆனால் அந்த அரசு வேறு.

ஆக, எஞ்சினியர் ஆவதற்கான முதல் முடிவு பத்து வயதில் எடுக்கப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தேனியில் ஹாஸ்டலில் விடுவதா, மலையிலேயே வைத்திருப்பதா என்று பெற்றோர் யோசிக்கும் கோடை விடுமுறையில். கம்ப்யூட்டரா எலக்ட்ரிகலா என்பது அதற்கு ஏழு வருடம் கழித்து வரும் சில்லறைக் கேள்வி.

இதில் மிகக் கடினமான கணக்கு பட்டியல் சாதியினருடையது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் அவர்கள். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே முன்னோர் கேரளப் பகுதியில் குடியிருந்ததாகக் காட்டினால்தான் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று. அதற்குப் பிறகு வந்த குடும்பத்துக்கு, மூன்று தலைமுறை கொழுந்து பறித்திருந்தாலும், இல்லை. நுழைவுத் தேர்வு ஒதுக்கீடும் 'இ-கிராண்ட்ஸ்' உதவித்தொகையும் இந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன.

எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதிதான். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். தமிழாக்கத்தில் முக்கியமான சொற்கள் விடுபட்டிருந்ததால் மறுபடி உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. (மொழிபெயர்ப்பாளர்கள் இதை மறக்கக் கூடாது.) அது சின்ன விஷயம். கேரளத்தில் அவர் பட்டியல் சாதிக்காரர் அல்ல என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மதம் மாறினாரா, முன்னோர் 1950க்கு முன் வந்தவர்களா என்ற கேள்விகள் டெல்லி வரை போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், கட்சி இருந்தது. பதினேழு வயதுப் பையனுக்குக் கலந்தாய்வுத் தேதிதான் இருக்கிறது.

இடம்பெயர்ந்தவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, யாரும் சொல்லுவதில்லை. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போன குடும்பத்தின் பையன் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கு அது. ஆனால் சொந்த மாநிலச் சான்று செத்துப்போவதில்லை. அதைக் காட்டி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் ஒதுக்கீடு கேட்கலாம். தாத்தாவின் ஊர் தாலுகா அலுவலகத்தில் அப்பா பெயரில் சான்று வாங்கி வைத்திருக்கிறாரா என்று இன்றே பாருங்கள்.

மொழி இன்னொரு வேடிக்கை. பாலக்காடு ஐ.ஐ.டி. 2015இல் தொடங்கியது சித்தூர் தாலுகாவின் கோழிப்பாறையில், ஒரு தனியார் வளாகத்தில். டீக்கடையில் தமிழ் கேட்கும் ஊர். வழிகாட்டிய நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி. நிரந்தர வளாகம் பிறகு கஞ்சிக்கோட்டில் எழும்பியது. அதற்கான முதல் படியான ஜே.இ.இ. மெயின் 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களுக்கு. கேரள மையத்தில் ஆங்கிலம், இந்தி, மலையாளம். அடுத்த படியான அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவனுக்குப் பிளஸ் ஒன் அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில் வருகிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே கணித, இயற்பியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது. தமிழ் எம்.ஏ. படித்த நான் இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மலையாளம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மூலமற்றத்தின் பூமிக்கடியிலுள்ள 780 மெகாவாட் மின் நிலையத்தில் வேலை வேண்டுமென்றால் கோப்பு மலையாளத்தில் வரும்.

கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பைனாவில் அரசு பொறியியல் கல்லூரி, மூணாறில் ஒன்று, பாலக்காட்டில் 1960இலேயே தொடங்கிய என்.எஸ்.எஸ்., ஸ்ரீகிருஷ்ணபுரத்தில் அரசுக் கல்லூரி. மலைக்குக் கீழே போடியில் தமிழ்நாடு அரசின் கல்லூரி. பணம் இடித்தால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. மதிப்பெண் குறைந்தவர்களின் வழி என்று அதை இளக்காரமாகப் பேசுகிறார்கள். 2015இல் மூணாறுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். அந்த மாதிரி வீட்டுக்கு மூன்று வருடத்தில் கையில் ஒரு தொழில் என்பது பெரிய விஷயம்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். பையன் பிறந்தது போடி ஆஸ்பத்திரியில். அவர் பிறந்தது கயத்தாறு பக்கம். "வீட்டுல அவங்க?" என்றேன். சின்னக்கானலில் பிறந்தவர், பிறப்பைப் பதிந்ததாகத் தெரியவில்லை.

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்காங்களா?"

"பாஸ் பண்ணியிருக்கு சார். மூணாறுலதான்."

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த ஊர் எழுதியிருக்கும், அது போதும், அதைத் தேடி எடுங்கள் என்றேன். டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும் என்றார். அவருக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு மகளும் இருக்கிறாள். எங்கே சேர்ப்பது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.