வாட் கணக்கும் அப்பாவின் காதும்

காரின் ஒலியமைப்பை மாற்றுவது குறித்து மொழியியல் ஆய்வு மாணவி ஒருத்தி நீண்ட பதிவு எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் துறைகளில் அந்தப் பொருளுக்கு மதிப்பில்லை. கார் ஸ்பீக்கர் என்றதும் தெருவை அதிரவைத்துக்கொண்டு போகும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் இருந்தேன், என் தந்தை ஒருநாள் காரில் ஓடிக்கொண்டிருந்த சொற்பொழிவைப் பாதியில் நிறுத்தும்வரை.

அப்பா மைய அரசுப் பணியில் தில்லிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ்ப் பேச்சைக் கேட்டபடி வண்டி ஓட்டுவது அவருக்கு எஞ்சியிருக்கும் பெரிய இன்பம். பட்டிமன்றம், இலக்கியச் சொற்பொழிவு, பழைய வானொலி உரை எதுவானாலும் பென்டிரைவில் ஏற்றித் தரவேண்டியது என் கடமை. கார் 2014ஆம் ஆண்டு வாங்கியது. அந்த மாதிரியிலேயே விலை குறைந்த வகை. முன்கதவுகளில் ஆளுக்கொரு ஸ்பீக்கர், அவ்வளவே. ட்வீட்டர் கிடையாது. சென்ற குளிர்காலத்தில் மயூர் விஹாரிலிருந்து மலை மந்திருக்குப் போய்க்கொண்டிருந்தபோது கைநீட்டி அணைத்துவிட்டார். "பேசுறது கேக்குதும்மா. என்ன பேசுறார்னுதான் தெரியலை" என்றார்.

ஒலியியல் படித்தவர்களுக்கு இவ்வாக்கியத்தின் பொருள் உடனே விளங்கும். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை. உயிரொலிகளின் ஆற்றல் பெரிதும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருப்பதால் 'பேசுவது' கேட்கும். மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் தடயங்கள் அதற்கு மேலே இருக்கின்றன. 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் வேறுபடுத்துவது ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. சகரத்தின் உரசல் 4000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போகும். அந்தப் பகுதி தேய்ந்தால் 'என்ன பேசுகிறார்' என்பது போய்விடும். செவிப் பரிசோதனையில் அப்பாவின் இழப்பு மிதமானது என்றார்கள். வீட்டில் தொலைக்காட்சிப் பேச்சு அவருக்கு விளங்குகிறது. காரில்தான் விளங்கவில்லை. ஆகவே குறை காதில் மட்டுமில்லை.

கரோல் பாகில் கார் உதிரிப்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் போனோம். பேச்சுத் தெளிவாக வேண்டும் என்று நான் இந்தியில் மூன்று முறை சொன்னேன். கடைக்காரர் மூன்று முறையும் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார்: ஒலியில் 'தம்' வேண்டும். இந்தியில் 'தம்' என்றால் வலு. தமிழில் அது மூச்சை அடக்குவது. அரை மணி நேரத்தில் பின்பெட்டிக்குள் 12 அங்குலச் சப்வூஃபரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஏறின. முன்னால் இருந்த ஸ்டீரியோவும் மாறியது. மொத்தம் 18,000 ரூபாய். 37,000 ரூபாய் உதவித்தொகையில் ஏறக்குறைய பாதி. அவர் போட்டுக்காட்டிய பஞ்சாபிப் பாட்டுக்குக் கண்ணாடிகள் நடுங்கின. அப்பா உண்மையிலேயே தம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிய ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருந்தது. ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், கார் ஸ்பீக்கரின் மின்மறுப்பு வழக்கமாக 4 ஓம். 14.4ஐ வர்க்கமாக்கி நான்கால் வகுத்தால் 51.84 வரும். பெட்டியில் கண்ட ஐம்பது இதுதான். ஒலியலை முழுவதும் வெட்டுண்டு சதுர அலையாகச் சிதைந்தால் கிடைக்கும் அளவு அது. சிதையாத அலைக்கு அதில் பாதிதான், 26 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. கருவிக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் இருபதை ஒட்டி நிற்கும். ஓர் அளவுச்சொல் விளம்பரச்சொல்லாக மாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சொற்பொருளியல் வகுப்பில் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சைக் கேட்க இருபது வாட்டே மிகுதி என்பது வேறு.

சப்வூஃபர் வந்தபின் நிலைமை மோசமாயிற்று. தாழ் அதிர்வெண் ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைத்துவிடும். மேலுள்ளது கீழுள்ளதை மறைப்பது குறைவு. செவியின் இந்த ஒருதலைச் சார்பை முதலாண்டிலேயே படிக்கிறோம். சக்கரமும் சாலையும் எழுப்பும் இரைச்சலும் பெரும்பாலும் தாழ் அதிர்வெண்தான். ஏற்கெனவே மூடியிருந்த மெய்யொலிகள் மேல் நாங்களே காசு கொடுத்து இன்னொரு போர்வையைப் போர்த்தியிருந்தோம். 'மனம்–மணம்', 'வலி–வழி' போன்ற சொற்களை என் குரலில் பதிந்து ஓடும் வண்டியில் போட்டுக் கேட்டேன். அப்பா பாதிக்கு மேல் தவறவிட்டார். ஒரு கார், ஒரு காது. இதை ஆய்வு என்று யாரும் மேற்கோள் காட்ட வேண்டா.

பிறகு நொய்டாவில் சிறு பணிமனை வைத்திருக்கும் ஒருவர் வழிகாட்டினார். சப்வூஃபரைக் கழற்று என்பதே அவருடைய முதல் வார்த்தை. அடுத்துக் கதவைத் திறந்து காட்டினார். காரின் கதவு உண்மையில் ஒரு மெல்லிய தகரக் கூடு. உட்புறத் தகட்டில் சன்னல் பொறியைப் பொருத்துவதற்காகப் பெரிய துளைகள் விட்டு, ஈரம் புகாதிருக்க அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே இழுக்கிறது. அந்தப் பின்னலை துளைகளின் வழியே கசிந்து முன்னலையோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. போதாக்குறைக்குத் தகரம் தானும் அதிர்ந்து, பேச்சாளரின் குரலோடு தன் முனகலையும் கலக்கிறது. ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் ப்யூட்டைல் ரப்பரும் உள்ள டேம்பிங் ஷீட்டைக் கதவின் இரு தகடுகளிலும் உருளையால் அழுத்தி ஒட்டினார். துளைகள் அடைபட்டன. கதவின் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகளை மட்டும் விட்டுவைத்தார்; அவற்றை மூடினால் கதவு துருப்பிடித்துப் போகும்.

அதன்பின் பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஆறரை அங்குல காம்போனென்ட் ஸ்பீக்கர். அதன் ட்வீட்டர் தனியாக, பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோண மூலையில் பொருத்தப்பட்டது. உயர் அதிர்வெண் ஒலி ஒரு திசை நோக்கியே போகும். பழைய ஸ்பீக்கர் இத்தனை ஆண்டுகளாக அப்பாவின் கணுக்காலிடம் பேசிக்கொண்டிருந்தது. கம்பி எதையும் வெட்டாமல் கப்ளர் வழியாகவே இணைத்தார். எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய். சப்வூஃபரைப் பழைய கடை பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது.

பேஸை நான் பழிக்கவில்லை. தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் தொழிற்சாலை ஸ்பீக்கரில் தகரம் போல் ஒலிப்பதைப் பொறுக்காதவர் சப்வூஃபர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. வைக்கும்போது மின்கலத்திற்கு அருகிலேயே ஃப்யூஸ் போட்டாக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டா. குடியிருப்புப் பகுதியில் இரவு எல்லை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வதையும் மறக்க வேண்டா. சண்டை அவர்களோடு இல்லை. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று கேளாமலே வாட்டையும் பேஸையும் தலையில் கட்டும் வணிகத்தோடும், அதற்கு முன்பே ட்வீட்டரை விலை கூடிய வகைக்கு ஒதுக்கிவிடும் உற்பத்தியாளர்களோடும்தான் எனக்கு வழக்கு. மலிவான வகையை வாங்குவோருக்கு உயிரொலி இலவசம், மெய்யொலிக்குத் தனிக் கட்டணம் என்றாகிறது. இரு சிறு ட்வீட்டர்களின் அடக்கவிலை ஒரு காரின் விலையில் எம்மாத்திரம்?

நம் மீதும் குறையுண்டு. பேச்சுத் தெளிவை அளக்க 'பேச்சுக் கடத்தல் குறியெண்' என்ற அளவை 1970களிலேயே வகுத்துவிட்டார்கள். அரங்குகளையும் நிலைய அறிவிப்பு அமைப்புகளையும் அதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள். எந்தக் கார் ஸ்பீக்கர் பெட்டியிலும் நான் அதைக் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை. ப்ராட் மென்பொருளில் ழகரத்தின் மூன்றாம் ஃபார்மன்ட்டை அளந்து கட்டுரை எழுதுகிறோம். அந்த ழகரம் ஒரு முதியவரின் காதுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது நம் ஆய்வுத் தலைப்புகளில் இல்லை. கடைக்குப் போகும் நண்பர்கள் யாராயினும் பாட்டைப் போட்டுக்காட்ட விடாதீர்கள். உங்களுக்கு நன்கு பழகிய ஒருவரின் பேச்சுப் பதிவை எடுத்துப்போய், கடைக்காரர் உயர்த்தி வைத்திருக்கும் பேஸை நடுநிலைக்கு இறக்கிக் கேளுங்கள்.

சென்ற ஞாயிறு மறுபடியும் மலை மந்திர் பயணம். சொற்பொழிவாளர் 'வாழ்க்கை' என்பதை 'வாள்க்கை' என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிஜாமுத்தீன் பாலம் கடக்கும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.