நுரையீரலைப் பார்த்துக்கொண்டே காற்றைச் செலுத்துவோம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினரிடம், நோயாளிக்கு வெண்டிலேட்டர் பொருத்த வேண்டும் என்று தெரிவித்தவுடன் பலருடைய முகம் வாடிவிடுகிறது. அக்கருவி வரை சென்றவர் திரும்புவது அரிது என்னும் எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதன்று. காவிரி டெல்டாவின் நோயாளிகளை மனத்தில் கொண்டால் இதை இன்னும் அழுத்தமாகக் கூற வேண்டும்.

நெல் விளையும் இப்பகுதியில் செயற்கைச் சுவாசம் தேவைப்படுவோரில் பாம்புக்கடிக்கு ஆளானவர்களும் பூச்சிமருந்து நஞ்சு உடலில் ஏறியவர்களும் உண்டு. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் இமைகள் சரியும். பின்னர் விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். நரம்பு முனைகள் சேதமடைந்துவிட்டால் நஞ்சுமுறி மருந்தால் அவற்றை உடனே மீட்க இயலாது. அவை தாமாகவே சீராகச் சில நாட்கள் ஆகலாம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தும் தசைகளைச் சில நாட்கள் தளர்த்திவிடக்கூடும். இத்தகைய நோயாளிகளுள் பலருக்குத் தொடக்கத்தில் நுரையீரல் நலமாகவே இருக்கிறது. அதை இயக்கும் தசைகளே சோர்ந்துள்ளன. தசைகள் மீளும் நாள்வரை நுரையீரல் கெடாமல் காக்கப்பட்டால் அவர்கள் நடந்தே வீடு திரும்ப இயலும்.

காக்க வேண்டிய தேவை எதனால் எழுகிறது? இயல்பான மூச்சில் மார்பு விரிந்து காற்றை உள்ளிழுக்கிறது. வெண்டிலேட்டரோ காற்றை அழுத்தி உட்செலுத்துகிறது. அசைவின்றி மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முதுகுப்புறப் பகுதி மெல்ல மெல்லச் சுருங்கி மூடிக்கொள்கிறது. செலுத்தும் காற்று எளிதில் திறக்கும் முன்பகுதிக்கே அதிகமாகச் செல்கிறது. தலைமடையில் நீர் தேங்கிப் பயிர் அழுகும்போதே கடைமடை காய்ந்து கிடப்பதைக் கண்டவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறி விரியும் பகுதியும் மூடிக் கிடக்கும் பகுதியும் இரண்டுமே புண்படுகின்றன. இதன் விளைவு சிறியதன்று. கடுமையான நுரையீரல் பாதிப்புற்ற 861 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்றிருந்த மூச்சின் அளவை 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது, இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. கருவியை மென்மையாக இயக்குவதே ஒரு சிகிச்சை என்பதை மருத்துவ உலகம் அதன்பின் ஐயமின்றி ஏற்றது.

எனினும், காற்று நுரையீரலின் எப்பகுதிக்குச் செல்கிறது என்பதைப் படுக்கையருகே தொடர்ந்து காண்பது எளிதன்று. எக்ஸ்ரே ஒரு கணத்தை மட்டுமே காட்டும். சி.டி. ஸ்கேன் தெளிவானது, ஆனால் உயிர்காக்கும் குழாய்களோடு நோயாளியை வேறு அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. இக்குறையை நிரப்ப வந்ததே மின்மறிப்பு வரைபட முறை. மருத்துவர்கள் இதை எலக்ட்ரிக்கல் இம்பீடன்ஸ் டோமோகிராஃபி என்பர்.

பெயர் அச்சுறுத்தினாலும் தத்துவம் நமக்கு அயலானதன்று. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுமுன் நிலத்தில் உலோகக் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி நீரோட்டம் பார்ப்பதைப் பலர் கண்டிருப்பர். உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மணல் தடுக்கும். உடலிலும் அவ்வாறே. உப்புக் கலந்த இரத்தமும் திசுக்களும் மின்சாரத்தைக் கடத்துகின்றன. காற்று நிறைந்த நுரையீரல் தடுக்கிறது. மார்பைச் சுற்றி 16 அல்லது 32 மின்முனைகள் கொண்ட பட்டையைக் கட்டி, நோயாளி உணர இயலாத மிகச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். மூச்சுக்கு மூச்சு மாறும் எதிர்ப்பை அளந்து, கணினி அதனைப் படமாக்குகிறது. நொடிக்கு 50 படங்கள் வரை பெறும் கருவிகள் உள்ளன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்பர், பிரவுன் ஆகிய அறிவியலாளர்கள் 1980களில் இம்முறையை வளர்த்தெடுத்தனர்.

இதன் பயன் உடனுக்குடன் கிட்டுவது. அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் மூடிய பகுதி திறக்கிறதா, முன்பகுதி மிகையாக விரிகிறதா, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தால் காற்று சமமாகப் பரவுகிறதா என்பவற்றைத் திரையிலேயே காணலாம்.

அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். படம் தெளிவு குறைந்தது. பட்டை கட்டிய மட்டத்தை ஒட்டிய பகுதியை மட்டுமே காட்டும். காற்று செல்லாத இடத்தைக் காட்டுமேயன்றி, அங்கே சளி அடைத்துள்ளதா நீர் கோத்துள்ளதா என்று சொல்லாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாகாது. இறப்பைக் குறைக்கிறது என்று உறுதியாக நிறுவ இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. ஆகவே இப்பட்டையை எவரும் அற்புதமென்று எண்ணிவிட வேண்டாம்.

இவ்வளவு செலவு நம் பகுதிக்குத் தேவையா என்று சிலர் வினவலாம். நஞ்சுமுறி மருந்து, அட்ரோபின், ஆக்சிஜன், பயிற்சி பெற்ற செவிலியர் ஆகியவற்றுக்கே முதலிடம் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. இவற்றுள் ஒன்றைக் குறைத்து இக்கருவியை வாங்குவது தவறு. ஆனால் கொரோனா காலத்தில் நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வெண்டிலேட்டர்கள் வந்து சேர்ந்தன. காற்றைச் செலுத்தும் கருவி மாவட்டங்களை எட்டியபின், அக்காற்றின் போக்கைக் காட்டும் கருவி மட்டும் பெருநகரங்களோடு நின்றுவிடுவது முறையன்று. தஞ்சை போன்ற ஒரு நகரின் பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கருவியேனும், அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. வயலில் பாம்பு தீண்டிய இளைஞருக்கும் நுரையீரலைக் காக்கும் உரிமை உண்டு.

கருவி வரும்வரை குடும்பத்தினர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் உயரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். மூச்சின் அளவு அதைக்கொண்டே முடிவாகிறது. மூச்சின் அளவும் அழுத்தமும் இன்று எவ்வாறு உள்ளன, படுக்கை நிலையை மாற்றுகிறீர்களா, கருவியிலிருந்து விடுவிக்க எப்போது முயல்வீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இவற்றுக்கு நாள்தோறும் விடை கூறுவது எங்கள் கடமை.