துணிப்பைக்குள் வந்திறங்கும் உயிர்கள்



பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வரும் பயணிகள் சிலரின் பெட்டிகளில், முடிச்சிட்ட துணிப்பைகளிலும் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களிலும் திணிக்கப்பட்ட பந்து மலைப்பாம்புகளும் இகுவானாக்களும் சிவப்புக்காது ஆமைக்குஞ்சுகளும் சுங்கத்துறையிடம் அடிக்கடி பிடிபடுகின்றன. காற்றும் நீரும் போதாமல் வழியிலேயே மடிபவையும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976-இலேயே இணைந்துவிட்டபோதிலும், அதன் பட்டியல்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்திற்குள் வர 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. அப்பட்டியல்கள் இடம்பெற்ற, அச்சட்டத்தின் நான்காம் அட்டவணையிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன 2024-ஆம் ஆண்டு விதிகள். இது நல்ல தொடக்கமே. ஆனால் கூண்டை எவரேனும் நேரில் பார்த்தாலன்றி, அதற்குள் இருக்கும் உயிரின் நிலை தெரியவராது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டுச் செல்லப்பிராணிக் கடை விதிகள் பொருந்துகின்றன; மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு, போதிய கூண்டளவு, விற்பனைப் பதிவேடு ஆகியவை அவற்றின்படி கட்டாயம். நாணய அளவில் வாங்கப்படும் சிவப்புக்காது ஆமை, ஓரடி வரை வளர்ந்து, தொட்டிக்குள் உடலைத் திருப்பவும் இடமின்றித் தவித்து, இறுதியில் கொரட்டூர் ஏரி போன்ற நீர்நிலைகளில் விடப்படுமானால், நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில்காயும் திட்டுகளையும் கைப்பற்றிக்கொள்ளும். ஆகவே வாரியமும் உள்ளாட்சி அமைப்புகளும் கடைகளை நேரில் ஆய்வு செய்வதோடு, வளர்க்க இயலாதோர் பிராணிகளை ஒப்படைக்க மேற்குப் புறநகரில் ஒரு மையத்தையும் அமைக்க வேண்டும்.

வாசகர், ஆவடி